கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே வாங்க!

களக்காடு மலையடியில் மூச்சு வாங்காமல் நடக்க மூணு பாதைகள்... கூடவே, காப்பாற்ற வேண்டிய ஒரு வாக்கு!

"ஞாயித்துக்கெழமை தலையணைக்குப் போறோம்ல..."

"நான் டெய்லி காலைல எட்டரை வரைக்கும் அங்கதாம்ல கெடக்கேன்!"

ரூம்மேட்டின் இந்த மொக்கை ஜோக்குக்கு மொத்த ஹாஸ்டல் ரூமும் சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அஞ்சு பேரில் மூணு பேர் தலையணையைப் பார்த்ததே இல்லை. திருநெல்வேலியில் மூணு வருஷமாகக் குப்பை கொட்டுகிறோம். மேற்கே திரும்பினால் மலை. கிளாஸ்ரூம் ஜன்னலில்கூடத் தெரிகிற மலை. ஆனால், நம்ம ஆட்களுக்கு மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு!

சமீபத்தில் ஒரு சீனியர் வேல்ஸ் நாட்டில் நடந்த படங்களை அனுப்பியிருந்தார். பச்சைப் புல்மேடு, கல் வேலி, ஆட்டுக்கூட்டம். அங்கே வயலுக்கு நடுவே, தனியார் நிலத்துக்கு நடுவேகூடப் பொதுமக்கள் நடந்து போகச் சட்டப்படி உரிமை உள்ள ஒற்றையடிப் பாதைகள் உண்டு. 2012-ல் திறந்த வேல்ஸ் கடற்கரை நடைபாதை மட்டுமே சுமார் 1,400 கிலோமீட்டர் நீளம். 'நம்மூர்ல ஏன்டா இப்படி இல்லை? செக்போஸ்ட், அனுமதி, நேரக் கட்டுப்பாடுன்னு ஏகப்பட்ட கெடுபிடி' என்று நாங்களும் புலம்பினோம். அப்புறம் மூணு பாதைகளில் நடந்து பார்த்தோம். கெடுபிடிக்கான பதில் ரொம்ப சிம்பிள். வேல்ஸில் எதிரே ஆடு வரும். இங்கே யானை வரும்!

யார் வீட்டுக்குப் போகிறோம்?

கிளம்பும் முன் ஒரு குட்டி ஜி.கே. களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1962-ல் வந்த முண்டந்துறை புலிகள் சரணாலயத்தையும், 1976-ல் வந்த களக்காடு சரணாலயத்தையும் சேர்த்து 1988-ல் உருவானது. களக்காடு பக்கத்தைக் காப்பாற்ற முக்கியக் காரணம் புலி இல்லை, ஒரு குரங்கு! கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம்... சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஜீவன்.

இந்த மலையின் உச்சிக் காடுகளில் வெடிப்பலா என்றொரு மரம் உண்டு. கிளையிலேயே பூத்து, முள்ளாகக் காய்க்கும். அதன் பூவைத் தின்ன வருகிற குரங்கும் மற்ற மரவாழ் விலங்குகளும் முகத்தில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகின்றன. இப்படி மகரந்தச் சேர்க்கை நடப்பதை, கக்காச்சிக் காட்டில் ஆய்வு செய்த டி.கணேஷும் சௌபத்ரா தேவியும் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது, அங்கே குரங்கு போனால் மரத்துக்கும் சிக்கல். மரம் போனால்? இந்தக் காப்பகத்தை 'நதிகளின் சரணாலயம்' என்றும் சொல்வார்கள். தாமிரபரணி, மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு என்று 14 ஆறுகளுக்கு இந்த மலைக்காடுதான் தண்ணீர்த் தொட்டி. நம்ம ஹாஸ்டல் குழாயில் வருகிற தாமிரபரணியும் அதில் அடக்கம். ஸோ, நாம் விருந்தாளி. அந்த நினைப்போடு நடந்தால் போதும்.

பாதை 1: தலையணை - ஆரம்பப் பாடம்

நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் களக்காடு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஊர் நடுவே சத்தியவாகீஸ்வரர் கோயில் கோபுரம் வானத்தைத் தொடுகிறது. சுற்றிலும் வாழை, வாழை, வாழை. ஏத்தன், கதலி, ரசகதலி என்று கடைகளில் தார் தாராகத் தொங்குகிறது. அங்கிருந்து மேற்கே ஆட்டோவில் போனால் தலையணை.

தலைமாட்டில் வைக்கும் தலையணை இல்லைங்க... ஆற்றின் தலையில் கட்டிய அணை! பச்சையாறு மலையை விட்டு இறங்கும் இடத்தில் குறுக்கே ஒரு தடுப்பணை. அதன் மேல் வழிந்து விழுகிற தண்ணீரில் குளியல். வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம் என்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு. பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பூவுக்கு அனுமதி இல்லை. பாதை சமதளம்தான். தாத்தா, பாட்டியைக்கூடக் கைபிடித்துக் கூட்டிப் போகலாம்.

இங்கே ஒரே ஒரு ரவுடிக் கூட்டம் உண்டு. நாட்டுக் குரங்குகள்! எங்கள் குழுவின் சிப்ஸ் பாக்கெட்டை ஒரு அம்மா குரங்கு, வயிற்றில் குட்டியோடு வந்து பிடுங்கிக்கொண்டு போனது. 'பாவம், பசி போல' என்று தோழி இன்னொரு பாக்கெட்டை நீட்ட, பக்கத்தில் வாழைப்பழம் விற்ற பாட்டி சத்தம் போட்டார். "ஏ பிள்ள, குடுக்காத! இன்னிக்கு நீ குடுப்ப... நாளைக்கு அது எம் பேத்தி கையக் கடிச்சுல்லா பிடுங்கும்!" வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொல்கிற பாட்டிக்கு ஒரு சல்யூட்!

தலையணையைத் தாண்டி மேலே செங்கல்தேரி இருக்கிறது. ஓய்வு விடுதி, ஓடை, சோலைக்காடு என்று கேட்கும்போதே ஜில்லென்று இருக்கும். ஆனால், அது புலிகள் காப்பகத்தின் உள்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. 'பைக்கை எங்காவது ஒளிச்சு வச்சுட்டு ஏறிடலாம்' என்கிற ஐடியா மணிகளுக்கு ஒரு தகவல்... வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, உங்கள் டிகிரியைவிட வலுவானது!

பாதை 2: மலைநம்பி - நாங்கள் தப்பு பண்ணிய இடம்

களக்காட்டுக்குத் தெற்கே திருக்குறுங்குடி. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. இங்கே பெருமாளுக்கு நம்பி என்று பெயர். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி என்று நாலு பேர் கீழே இருக்க, அஞ்சாவதாகத் திருமலை நம்பி மட்டும் மலைக்காட்டுக்குள் இருக்கிறார். மகேந்திரகிரி மலைத்தொடரின் மடி. (மலைக்கு அந்தப் பக்கம்தான் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மையம். இந்தப் பக்கம் நம்பியாறு. இன்ஜினீயரிங் மாணவனுக்கு இரண்டு பக்கமும் புல்லரிக்கும்!)

ஊரிலிருந்து வனச் சோதனைச்சாவடி வரை வண்டி. அங்கிருந்து ஆற்றை ஒட்டியே காட்டுப்பாதை. தலைமுறை தலைமுறையாகப் பக்தர்கள் நடந்த தடம் என்பதால் வழி தவற வாய்ப்பே இல்லை. ஜீப் போகிற அளவுக்கு அகலம். சுமாராக ஓடுகிறவர்கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். தமிழ் மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் நல்ல கூட்டம் இருக்கும். நாங்கள் போனது கூட்டம் இல்லாத நாள்.

சாவடியில் ஒரு நோட்டு. பெயர், எத்தனை பேர், போகிற நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், எங்கள் அப்பா வயது இருக்கும். "மூணு மணிக்குள்ள கீழ வந்திரணும், என்ன? ஆத்துல ஆழத்துக்குப் போவாதிய" என்றார். "சரிண்ணாச்சி!" என்று அஞ்சு பேரும் கோரஸ் பாடிவிட்டு ஏறினோம்.

கோயிலுக்குப் போனோம், கும்பிட்டோம், கீழே ஓடைப் பாறையில் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தக்காளி சாதம் தின்றோம். மலை அணில் ஒன்று, பூனை சைஸில், மரத்துக்கு மரம் தாவியது. பாறையில் சாய்ந்த ஒருவன் தூங்கிவிட்டான். இன்னொருவன் ரீல்ஸ் எடுத்தான். நான் காலைத் தண்ணீரில் போட்டு மீன்குஞ்சுகளுக்குக் கடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூணு மணி ஆனது. மூணரை ஆனது. 'பத்து நிமிஷம்டா...' என்று சொல்லிச் சொல்லியே நாலரை ஆகிவிட்டது.

கிளம்பி இரண்டு வளைவு இறங்கியிருப்போம். எதிரே அந்தக் காவலர் கையில் கம்போடு வேகமாக ஏறி வந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். நின்று, மூச்சு வாங்கி, எங்களை எண்ணினார்.

"அஞ்சு பேரு உள்ள போனதா நோட்டுல இருக்கு. ஒருத்தரும் வெளிய வரல. நான் எப்படிய்யா வீட்டுக்குப் போவேன்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. முன்னால் அவர், பின்னால் நாங்கள். ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். பாதை ஓரத்தில் யானை லத்தி. ஈரம்கூடக் காயவில்லை. நாங்கள் மேலே ஏறும்போது அது அங்கே இல்லை. உள்ளே எங்கோ ஈத்தை முறிகிற சத்தம். பத்து நிமிஷம் அசையாமல் நின்றோம். என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. சத்தம் தள்ளிப் போன பிறகுதான் "ம், வாங்க" என்றார்.

சாவடிக்கு வந்ததும் அவருடைய பட்டன் போனில் சிக்னல் கிடைத்து, டிங் டிங்கென்று வரிசையாக மிஸ்டு கால் தகவல்கள். எல்லாம் அவர் வீட்டிலிருந்து. அபராதம் போடவில்லை. நோட்டை நீட்டி, "வெளிய வந்த நேரத்தையும் நீங்களே எழுதுங்க" என்றார். 5.40 என்று எழுதும்போது கை கூசியது. நாங்கள் நினைத்தது, லேட்டானால் நமக்குத்தானே ரிஸ்க் என்று. அந்த ஒரு மணி நேரம் யானை நடக்கிற பாதையில் தனியாக ஏறி வந்தது நாங்கள் இல்லை, அவர்.

நம்பாடுவானின் நேரம்

திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. திருக்குறுங்குடிப் பக்கத்து ஊர்க்காரத் தோழிதான் மெதுவாக ஒரு கதை சொன்னாள். அந்த ஊர்க் கதையேதான்.

நம்பாடுவான் என்று ஒரு பாணர். தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்டவர். நம்பியைப் பாடி எழுப்ப நள்ளிரவில் காட்டு வழியே வருகிறார். ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். 'பாடி முடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் என்னைத் தின்றுகொள்' என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறார். தப்பித்து ஓட வேறு வழி இருந்தும், சொன்னபடி வந்து நிற்கிறார். கடைசியில் அவர் பாட்டின் பலனைப் பெற்று ராட்சசனுக்கே விமோசனம் கிடைக்கிறது. கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் இந்தக் கதை திருக்குறுங்குடிக் கோயிலில் நாடகமாக நடக்கிறது. மங்கிப்போயிருந்த அந்தக் கைசிக நாடகத்துக்கு 1999-ல் பேராசிரியர் சே.இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் போன்றோரின் முயற்சியில் புத்துயிர் கிடைத்தது.

"அவரு ராட்சசங்கிட்ட சொன்ன வாக்கையே காப்பாத்துனாரு. நாம செக்போஸ்ட் அண்ணாச்சிகிட்ட சொன்னதக் காப்பாத்தல..." என்றாள். செம பல்பு!

பாதை 3: கல்யாண தீர்த்தம் - தண்ணீர் சொல்லும் பாடம்

அடுத்த மாதம் அதே அஞ்சு பேர். இந்த முறை வடக்கே, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம். அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே படி ஏறினால் கல்யாண தீர்த்தம். கயிலாயத்தில் நடந்த சிவன் - பார்வதி கல்யாணக் காட்சியை அகத்தியர் இங்கிருந்தே கண்டார் என்பது ஐதீகம். படிகள் கொஞ்சம் தொடையைப் பிடிக்கும். ஆனால், மூணு பாதைகளில் இதுதான் குட்டி. மேலே போனால் பாறைகளுக்கு நடுவே தாமிரபரணி ஆழமாக, அமைதியாக, கண்ணாடி மாதிரி நிற்கும். அந்த அமைதியை மட்டும் நம்பாதீர்கள்.

வ.வே.சு.ஐயரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர். புதுச்சேரியில் பாரதிக்கு நண்பர். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய அவர், 1925 ஜூனில் பிள்ளைகளோடு இந்தப் பாபநாசத்துக்கு வந்தார். மகள் சுபத்ரா அருவி நீரில் சிக்கிக்கொண்டாள். காப்பாற்றப் போன ஐயரும் மீளவில்லை. பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து கடல் கடந்து தப்பி வந்த மனிதரைக் கொண்டுபோனது, ஒரு சுற்றுலா நாளின் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி இன்ஜினீயரிங் மூளையோடு ஒரு விஷயம். நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால், ஆற்றுக்குத் தண்ணீர் நாம் நிற்கிற இடத்திலிருந்து வரவில்லையே! மேலே பல கிலோமீட்டர் தள்ளி, நம் கண்ணுக்குத் தெரியாத முகட்டில் மேகம் கொட்டினால், அத்தனை சரிவுகளின் தண்ணீரும் ஒரே ஓடைக்குள் இறங்கும். அடிவாரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறதா, ஆற்றின் இரைச்சல் மாறுகிறதா... யோசிக்காமல் கரையேறி மேட்டுக்கு ஓடுங்கள். செருப்பு, செல்போன், துண்டு எதுவும் முக்கியமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பேய்மழையில், இதே தாமிரபரணி நெல்லை ஜங்ஷன் தெருக்களுக்குள்ளேயே வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

'ஈஸி' என்றால் என்ன?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் நம்மைவிடச் சில வயதே பெரியவர்கள். அதே வருஷம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் ஆனது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். மலையை விட்டு வெளியேறாமலே ஓர் இளைஞனுக்கு வேலை கிடைக்கிறது என்றால், அந்தக் காட்டுக்கு ஒரு காவலன் கூடுதலாகக் கிடைத்த மாதிரிதானே!

மூணு பாதைகளும் நடந்து முடித்த பிறகு எங்களுக்குப் புரிந்தது இது. ஈஸியான பாதை என்பது தானாக ஈஸியாக இருப்பதில்லை. முன்னால் ஒருவர் நடந்து யானை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஒருவர் விழுந்த மரத்தை அகற்றியிருக்கிறார். ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, கடைசி ஆள் வெளியே வரும் வரை காத்திருக்கிறார். நமக்கு ஈஸியாக இருக்க அவர்கள் கஷ்டப்படுகிறார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்... சொன்ன நேரத்துக்குத் திரும்பி வா!

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்:

* நிலவரம்: மழை, வெள்ளம், தீ அபாயம், யானை நடமாட்டம் என்றால் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். 'மூடியிருக்கு' என்றால் மூடியிருக்கு. கெஞ்சாதீர்கள், குறுக்கு வழி தேடாதீர்கள்.

* நேரம்: காலையில் சீக்கிரம் போய், மத்தியானம் சாய்வதற்குள் இறங்குவதுதான் நல்லது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அந்த வாரம் பாபநாசம் பக்கம் நடைப்பயணம் வேண்டாம்.

* சாப்பாடு: வாழையிலைப் பொட்டலம், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். கொண்டுபோனதில் ஒரு மிட்டாய் பேப்பர்கூட மிச்சம் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது. சிகரெட், சரக்கு? அதற்குக் காடு எதற்கு?

* உடை: பளிச் கலர் டி-ஷர்ட் வேண்டாம். பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். மழைக்காலத்தில் அட்டைப் பூச்சி ஏறும். பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் விட்டுவிடும்.

* சத்தம்: ப்ளூடூத் ஸ்பீக்கரை ஹாஸ்டலிலேயே வையுங்கள். காட்டில் காதுதான் முதல் பாதுகாப்பு. யானை வருவதை நாங்கள் கண்ணால் தெரிந்துகொள்ளவில்லை, காதால்தான்.

* வீட்டுக்கு: எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே சிக்னல் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. போன மாதம் மறுபடி மலைநம்பிக்குப் போனோம். அதே சாவடி, அதே நோட்டு, அதே அண்ணாச்சி. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "இன்னைக்கும் நான் ஏறி வரணுமாய்யா?" என்று சிரித்தார். ரூம்மேட் காதுவரை சிவந்துபோனான். இரண்டே முக்காலுக்கு இறங்கி வந்து நோட்டில் நேரம் எழுதினோம். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அந்தச் சுக்குக் காப்பிக்காகவே ஒருதடவை போய்ட்டு வாங்க மக்கா... நேரத்தோட!